திரையின் கீழ் விளிம்பு

ஆதித்யா அனுப்பிய புது விளையாட்டில் பிழை இருக்கிறது என்று நான்தான் முதலில் கத்தினேன். கத்தினேன் என்றால் வாட்ஸப்பில்தான். ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்கு எழுத்திலும் என் குரல் கேட்கும்.

விளையாட்டின் பெயர் பொடிப்பெட்டி. போன் திரை முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். மணலைக் கொட்டினால் குவியும். தண்ணீரை ஊற்றினால் ஓடும். நெருப்பு வைத்தால் மரம் எரியும். ஜெயிப்பது, தோற்பது எதுவும் கிடையாது. கொட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆதித்யா கோயமுத்தூர்ப் பையன். பீளமேட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து தனியாளாக இதைச் செய்துகொண்டிருந்தான். என்னென்ன புதுப்பொருள் சேர்க்கலாம், அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசனை சொல்வதற்கு ஒரு குழு வைத்திருந்தான். அந்தக் குழுவில் பெரிய வாயாடி நான்.

'ஈர விறகு' என் யோசனை. கல்யாணமாகி ஊட்டிப் பக்கம் எமரால்டுக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அடுப்பை ஊதி ஊதியே அழுதவள் நான். ஈர விறகு எடுத்தவுடன் எரியாது, முதலில் புகையும், முனையில் நுரை தள்ளும், அப்புறம் மனசு வந்தால் பிடிக்கும் என்று எழுதினேன். அப்படியே செய்துவிட்டான். 'யோசனை: ராஜப்ரியா, எமரால்டு' என்று பெயரும் போட்டான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. என் வீட்டுக்காரர் தரணிதரன் அதைப் பார்த்துவிட்டு, "போனைத் தேச்சுத் தேச்சு உனக்குக் கைரேகை அழிஞ்சு போகப்போகுது, ரேஷன் கடையில அரிசி தர மாட்டான் பாத்துக்க" என்றார். அவருக்கு அவ்வளவுதான் ரசனை.

அடுத்து நான் கேட்டது 'குளிர்'. அதற்குத்தான் குழுவே என்மேல் பாய்ந்தது.

"குளிரெல்லாம் ஒரு பொருளா அக்கா? அடுத்து சோகம், சந்தோஷம்னு கேப்பீங்க போல" என்று சென்னையில் இருக்கும் யுவன் என்ற பையன் சிரிப்பு பொம்மைகளோடு எழுதினான். எனக்கு ஏறிவிட்டது. மெரினாக் காற்றைத் தவிர வேறு காற்றுத் தெரியாதவனுக்கெல்லாம் என்ன பேச்சு! பொறிந்து தள்ளினேன். மேகமில்லாத ராத்திரியில் நிலம் சூட்டை விட்டுவிடும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்து கனமாகிவிடும். கனமானது சும்மா நிற்காது, சரிவில் கீழே இறங்கும், பள்ளத்தில் போய்த் தேங்கும். விடியற்காலையில் எங்கள் வாசலில் நின்றால் சால்வை போதும், தோட்டத்தின் அடிக்கு இறங்கினால் பல் கிட்டும். பனி முதலில் பொசுக்குவது அடியில் இருக்கும் செடியைத்தான். உங்கள் விளையாட்டில் காற்றுக்கு எடையே இல்லை, அதனால்தான் அது பொம்மை மாதிரி இருக்கிறது என்று முடித்தேன்.

யுவன் அடங்கிவிட்டான். ஆதித்யா மட்டும் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகக் கேள்வி கேட்டான். கடைசியாக ஒன்று கேட்டான்.

"திரையோட கீழ் விளிம்புக்கு வந்த குளிர் என்ன ஆகணுங்க்கா? அங்கயே தேங்கட்டுமா, மறைஞ்சிரட்டுமா?"

"மறைஞ்சு தொலையட்டும். எனக்கு என் தோட்டம் வரைக்கும் தெரிஞ்சாப் போதும். அதுக்குக் கீழ இருக்கறதையெல்லாம் வரைஞ்சா போன் தாங்குமா?"

"அதுவும் சரிதானுங்க்கா" என்றான்.

தோட்டம் என்று நான் சொன்னது எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்தை. மேலே வீடும் ரோடும். அங்கிருந்து கீழே சரிவாக இறங்கும். அதன் அடியில் ஒரு வண்டித்தடம். தடத்துக்கு அந்தப் பக்கம் மூக்கம்மா அக்காவும் அவர் வீட்டுக்காரர் சுடலை அண்ணனும் குத்தகைக்கு எடுத்துப் போட்டிருந்த பீன்ஸ். போன போகத்தில் காட்டுமாடு இறங்கி, எங்கள் கிழங்கு மொத்தத்தையும் மிதித்துச் சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. இந்தப் போகமும் போனால் தோட்டத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் தகரம் வந்தது. பழைய உண்ணிச்செடி வேலியை வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு ஓரத்திலும் அடியிலும் இரும்புக் கால் நட்டு, கூரைத்தகரத்தை மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று படுக்கவைத்து போல்ட்டுப் போட்டு முடுக்கினார். எலி நுழைய இடம் கிடையாது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. இவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் போயிற்று.

மூக்கம்மா அக்காவும் வந்தார். அவருக்கு இன்னொரு சந்தோஷம். பனிக்காலத்தில் சாயங்காலமானால் அவரும் சுடலை அண்ணனும் காய்ந்த பெரணித் தழையை அள்ளிப் பீன்ஸ் நாற்றுமேல் மூடாக்குப் போடுவார்கள். காலையில் வெயில் வந்ததும் எடுப்பார்கள். தினமும் இடுப்பு ஒடிகிற வேலை.

"தம்பி தகரம் போட்டதுல இருந்து எங்க பக்கம் பனியே இல்ல தங்கச்சி. மூடாக்குப் போடறதையே விட்டுட்டோம். இந்த வருசம் என் முதுகு தப்பிச்சுது" என்றார்.

"அப்ப எங்க தகரத்துக்கு ஒரு சூடம் காட்டிட்டுப் போங்கக்கா" என்றேன். இருவரும் சிரித்தோம்.

எங்கள் பக்கம் மட்டும் அடியில் இருந்த சில வரிசைகளில் இலை கருகியிருந்தது. விதைக்கிழங்கு சரியில்லை என்று இவர் விற்றவனைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு மத்தியானம், 'குளிர்' சேர்த்த பொடிப்பெட்டியை ஆதித்யா சோதித்துப் பார்க்க அனுப்பினான். சோற்றுப் பானையை இறக்கக்கூட மறந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தோட்டத்தையே வரைந்தேன். மேலே வீடு, சரிவு, செடிகள், அடியில் வேலி. மேகத்தை எடுத்துவிட்டு ராத்திரியாக்கினேன். நிலத்திலிருந்து நீலப் புள்ளிகள் கிளம்பின. சரிவில் மெல்ல இறங்கின. அடடா, எவ்வளவு அழகு! அடிக்கு வந்தன. அங்கேயே நின்றன. மேலும் மேலும் வந்து சேர்ந்து, நீலம் ஏறி, பாதித் தோட்டத்துக்கு வந்து, செடி ஒவ்வொன்றாகக் கறுத்தது.

'தம்பி, பிழை. குளிர் வெளியே போகமாட்டேங்குது. குட்டை மாதிரி நிக்குது' என்று குழுவில் போட்டு, படத்தையும் அனுப்பினேன்.

ஆதித்யா உடனே எழுதினான். 'பிழை இல்லீங்க்கா. அடியில ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அது என்ன?'

'வேலி.'

'அதை அழிச்சுப் பாருங்க.'

விரலால் அழித்தேன். தேங்கியிருந்த நீலமெல்லாம் சரசரவென்று இறங்கி, திரையின் அடிக்குப் போய் மறைந்தது. மீதிச் செடி பச்சையாக நின்றது.

போனைக் கையில் பிடித்தபடியே ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயிலில் எங்கள் தகரம் பளபளத்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. காற்று நின்றிருந்தது. மேல்ரோட்டு டீக்கடைப் புகை வளையாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இப்படி ஒரு பகலுக்குப் பின்னால் என்ன மாதிரி ராத்திரி வரும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஊட்டிக்கு உரம் வாங்கப் போயிருந்த இவர் வண்டியை நிறுத்துவதற்குள் ஓடினேன்.

"ஏனுங்க, தகரத்தைக் கழட்டோணும். இப்பவே."

"என்ன புள்ள சொல்ற?"

சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன். போனைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்காமல் உர மூட்டையை இறக்கினார்.

"விளையாட்டைப் பாத்துப்போட்டு வேலியைக் கழட்டச் சொல்றியா? மாடு வந்தா உன்ற ஆதித்யா வந்து முடுக்குவானா?"

"முழுசும் வேண்டாமுங்க. கீழ்வரிசை மட்டும் போதும். குளிரு தரையோட தரையாத்தான் போகும், பாருங்க, மேல் வரிசை இருந்தாலும் போகுது. மாடு அதுக்கடியில நொழையாது."

"பன்னி நொழையும்."

"பழைய கோழிக்கூட்டுக் கம்பிவலை கெடக்குதில்ல, அதைக் கட்டலாம். வலையில காத்துப் போகும்."

"கால் நட்டு, ஓட்டை போட்டு, என்ற கையெல்லாம் பாரு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. "ஊரே சிரிக்கும். போட்ட சூட்டோட கழட்டறான்னு."

"ஊர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்! விதை சரியில்ல, விதை சரியில்லன்னு சொன்னீங்களே, கருகுனதெல்லாம் அடி வரிசை மட்டும் ஏன்? ஒரே மூட்டையில வந்த விதைதானுங்க மேலயும்?"

இவர் கை கால் கழுவ உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த உர மூட்டையை ஓர் உதை விட்டேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். வெயில் எதிர்மலை உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. திருப்பூர் பஸ் என் கண்முன்னால் வந்து நின்றது. வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நட்டெல்லாம் வெளிப்பக்கம் இருந்தது. கேட்டைச் சுற்றி வண்டித்தடத்துக்கு வந்து, முதல் நட்டில் ஸ்பேனரை வைத்துத் திருகினேன். நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே ஓர் ஆள் போல்ட்டின் தலையைப் பிடிக்காமல் இது கழலாது. முடுக்கும்போது சுடலை அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திட்டிக்கொண்டே திருகினேன்.

பக்கத்தில் யாரோ பெரிதாக மூச்சு விட்டார்கள்.

திரும்பினேன். தடத்தில், கற்பூரமரங்கள் தொடங்கும் இடத்தில், ஒற்றைக் காட்டுமாடு நின்றது. கூட்டமாக வந்தால் பயமில்லை, அது பாட்டுக்குப் போகும். ஒற்றையை நம்ப முடியாது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கால், என் கைத் தடிமனுக்குக் கொம்பு. என்னையே பார்த்தது. தோட்டத்துக் கேட் இருந்ததோ அந்த மாட்டுக்குப் பின்பக்கம். எனக்கு முதுகில் தகரம், அதில் எலி நுழையக்கூட இடம் இல்லை.

"ராஜி." தகரத்துக்கு உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. மேல்விளிம்புக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "அசையாத. ஓடாத. தகரத்தைத் தட்டிப்போடாத."

"ம்."

"அதோட கண்ணப் பாக்காத. கையில ஸ்பேனர் இருக்குதா?"

"இருக்குது."

"நட்டுல வை. நான் போல்ட்டைப் புடிச்சிருக்கறேன். மெதுவாத் திருகு."

நட்டு இந்த முறை கழன்றது. அடுத்தது. அதற்கடுத்தது. மாடு இரண்டு அடி முன்னால் வந்து தரையை முகர்ந்தது. தகரம் கீழே விழுந்து சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடைசி நட்டு கழன்றதும் அவர் உள்ளேயிருந்து தகரத்தை நெஞ்சோடு அணைத்துச் சத்தமில்லாமல் சாய்த்துப் படுக்கவைத்தார். திறந்த இடத்தில் அவர் கை நீண்டது. நான் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். போனதும் அவர் நெஞ்சில் ஒரு குத்து விட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மரங்களுக்குள் போனது. அது போனதும் நான் வெளியே, அவர் உள்ளே என்று மறுபடி தொடங்கினோம். வெளிச்சம் மங்குவதற்குள் அடிப்பக்கம் முழுக்கக் கீழ்வரிசையைக் கழற்றி, கம்பிவலையை இழுத்துக் கட்டிவிட்டோம். நட்டு கழலும் சத்தமும் எங்கள் சத்தமும் தடத்துக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்டிருக்கும். மூக்கம்மா அக்கா வீட்டில் விளக்கு எரிந்தது. அடுப்புப் புகை தெரிந்தது. பாவம், சமைக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு ஏறினேன்.

காலையில் இவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். நான் ஓடிப் போனபோது தோட்டத்தின் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து ஓர் இலையைத் தடவிக்கொண்டிருந்தார். இலை பச்சையாக இருந்தது. அடி வரிசை வரைக்கும் பச்சை. முன்பே கருகியதைத் தவிர ஒன்றுகூடப் போகவில்லை. பன்றியும் வரவில்லை.

"உன்ற விளையாட்டு பரவால்லையே புள்ள" என்றார்.

"பரவால்லையா? வாயைத் தொறந்து நல்லாருக்குதுன்னு சொன்னா முத்து உதிர்ந்திருமா?"

"நல்லாருக்குது தாயே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினேன். பச்சைத் தோட்டத்தைப் படம் எடுத்து ஆதித்யாவுக்கு அனுப்பினேன். 'யுவனுக்கும் காட்டு' என்று சேர்த்துக்கொண்டேன். போனை இறக்கும்போதுதான் தகரத்துக்கு மேலே, தடத்துக்கு அந்தப் பக்கம் கண் போனது. அங்கே தரை உப்புக் கொட்டினாற்போல் வெள்ளையாகக் கிடந்தது.

வெயில் அங்கே இறங்கியதும் வெள்ளை கரைந்தது. அதன் அடியிலிருந்து கறுப்பு வந்தது. நாலு இலை விட்டிருந்த பீன்ஸ் நாற்று, வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு மண்ணில் ஒட்டியிருந்தது. மூலையில் காய்ந்த பெரணிக் குவியல் அள்ளாமல் அப்படியே இருந்தது.

மூக்கம்மா அக்கா வரப்பில் நின்றார். கையில் பிடுங்கிய நாற்று. நான் தடத்துக்கு இறங்கியதைப் பார்த்ததும் குரல் உடைந்தது.

"பாத்தியா தங்கச்சி? தகரம் போட்டதுல இருந்து எட்டிப் பாக்காத பனி, ஒரே ராத்திரியில அம்புட்டையும் வேகவச்சிருச்சே. சாமி கண்ண மூடிருச்சு."

இவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். சாமிமேல் போட்டுவிட்டு அவரோடு சேர்ந்து அழுதிருக்கலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் முந்தின நாள் திரையில் நான் பார்த்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. நீலமெல்லாம் இறங்கி இறங்கி, அடியில் ஒன்றுமில்லாத இடத்துக்குப் போய் மறைந்தது.

"சாமி இல்லக்கா" என்றேன். "நாங்க நேத்துத் தகரத்தைக் கழட்டிட்டோம். இத்தனை நாளும் எங்க பக்கம் தேங்கி நின்ன குளிரு, உங்க பக்கம் எறங்கிருச்சு. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். கம்பிவலையைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு எந்தத் திரையும் தேவைப்படவில்லை.

"சாயந்தரம் சத்தம் கேட்டுச்சு" என்றார் மெதுவாக. "மாட்டுக்கு ஏதோ பண்றீங்கன்னு நெனச்சேன். வீட்டுக்குள்ளதான இருந்தேன் தங்கச்சி. ஒரு குரல் குடுத்திருந்தா மூடாக்குப் போட்டிருப்பேனே."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் என்று பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெரணிக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடுப்பில் செருகியிருந்த போன் துடித்தது. ஆதித்யா. 'சூப்பருங்க்கா! இன்னைக்கே எல்லாருக்கும் வெளியிடப் போறேன். வேற ஏதாவது மாத்தணுமா?'

'வெளியிடாதே' என்று எழுதினேன். 'கீழ் விளிம்புல குளிர் மறையக் கூடாது.'

'அப்ப எங்க போகணும்?'

'கீழ மூக்கம்மாக்கா இருக்காங்க.'

அவன் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டான். போனை அணைத்துவிட்டேன். அக்கா குனிந்து கருகியதைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். அவர் தோட்டத்து உண்ணிவேலி இடைவெளியில் நுழைந்து, அவருக்குப் பக்கத்து வரிசையில் நானும் குனிந்தேன். இவரும் வந்து அதற்கடுத்த வரிசையில் உட்கார்ந்தார். அக்கா எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.